இருதயமேரிக்குக் கேட்காத இருமல்

கெடார்
03.06.2024

அன்புத் தம்பி ஆரோக்கியராஜுக்கு,

சேசுவின் தயவில் நானும் உன் மாமாவும் சுகம். நீயும் இசைவாணியும் பாப்பா அஸ்வினியும் சுகமா? வெயிலுக்குப் பாப்பாவின் உடம்பில் கட்டி எதுவும் வரவில்லையே?

என்னடா அக்கா கடிதம் போட்டிருக்கிறாள் என்று சிரிக்காதே. போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் ‘சரிக்கா, சரிக்கா’ என்று வைத்துவிடுகிறாய். ஷூ கம்பெனிக்குள் போனை விடமாட்டார்கள், வீட்டுக்கு வந்தாலோ பாப்பா பிடுங்கிக்கொள்கிறாள். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது அல்லவா?

மார்ச்சில் எனக்கு வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். விழுப்புரத்தில் ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். டிபி வந்தவர்கள் ஆறு மாதமும் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். என் பட்டியலில் எட்டு பேர். அதில் கொத்தனார் சவுரிராயன் என்று ஒருவர், இரண்டு மாதம் சாப்பிட்டார், இருமல் நின்றது, மாத்திரையையும் நிறுத்திவிட்டார். பயிற்சியில் சொன்னதை ஒன்று விடாமல் அவரிடம் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, “முடிஞ்சிதாம்மா? கோயில்ல சாமியார்கூட இம்மாம் நேரம் பிரசங்கம் வெக்கறதில்ல” என்கிறார்.

நீ புதிதாக வரும் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறவன். கேட்காதவர்களை எப்படியடா கேட்க வைக்கிறாய்? எழுது. இசைவாணியைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
இருதயமேரி


திண்டிவனம்
15.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம். மாமாவின் கால்வலி தேவலையா?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்க்காதே. என் லைனில் இந்த மாதம் ஆறு பெண்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு வாயால் சொன்னால் ஏறாது. பேசாமல் நான் தைப்பதைப் பார்த்தால் போதும். இன்னொருத்தி ஏன், எதற்கு என்று கேட்டு முடித்த பிறகுதான் மிஷினில் கால் வைப்பாள். மூன்றாவதாக ஒரு பெண், நான்கு நாளாக ஊசியை உடைத்துக்கொண்டே இருந்தாள். எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். மறுநாள் இரண்டு ஊசி கூடுதலாக உடைந்தது. அப்புறம்தான் தனியாகக் கூப்பிட்டு, “எங்கம்மா கஷ்டமா இருக்குது?” என்று கேட்டேன். “அண்ணா, எனக்கு இடது கைப் பழக்கம். சொல்றதுக்கு பயமா இருந்துச்சி” என்றாள். தோலை வைக்கும் பக்கத்தை மாற்றிக் கொடுத்தேன். அவ்வளவுதான் விஷயம்.

நான்கு நாள் நான் சொல்லிக்கொண்டே இருந்தேனே தவிர, அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சவுரிராயனை நீ கேட்டாயா?

அக்கா, எங்கள் கம்பெனியில் ஒரு ஆளுக்கு மூன்று வாரமாக இருமல். சாயங்காலமானால் காய்ச்சல் காய்கிறது. உடம்பும் இளைத்திருக்கிறது. எங்கே போய்ப் பார்ப்பது? யாருக்கும் தெரியாமல் பார்க்க முடியுமா? விவரமாக எழுது.

தம்பி,
ஆரோக்கியராஜ்


கெடார்
24.06.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் மாமாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

நீ சொன்னபடி சவுரிராயனிடம் போனேன். பயிற்சி நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். “அண்ணே, மாத்திரைய ஏன் வுட்டீங்க?” என்றேன். சொன்னார்: “நீதானம்மா சொன்ன, குடிச்சிட்டு இந்த மாத்திரைய போட்டா ஈரலு வெந்துடும்னு. ஒரு நாளு முழுக்க சாரத்து மேல நிக்கறவன், குடிய வுட முடியில. அதான் மாத்திரைய வுட்டுட்டேன்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் பக்கத்து ஊர் முகாமில் மைக்கைப் பிடித்துப் பேசினேனே, அதைக் கேட்டிருக்கிறார். குடியை விடட்டும் என்று பயமுறுத்தினேன். பயந்தது உண்மை. விட்டது மட்டும் வேறு. “குடிச்சாலும் சரி, மொதல்ல டாக்டர பாருங்க, அவர்கிட்ட மறைக்காம சொல்லுங்க” என்று கெஞ்சிவிட்டு வந்தேன். பார்ப்போம் என்றார்.

உன் கம்பெனி ஆளைத் திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல். சளி எடுத்துப் பார்ப்பார்கள், காசு கிடையாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. போனாரா என்று உடனே எழுது.

அக்கா,
இருதயமேரி


திண்டிவனம்
18.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே, ஷிப்ட் மாறிவிட்டது.

அந்த ஆள் இன்னும் போகவில்லை. மூன்று விஷயம் தெரியாமல் போகமாட்டேன் என்று பிடிவாதம். ஒன்று, நோய் இருக்கிறது என்று தெரிந்தால் வீட்டுக்கு ஆள் வருவார்களா? தெருவில் விசாரிப்பார்களா? இரண்டு, சின்னக் குழந்தையைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாமா? மூன்று, தட்டு, டம்ளரையெல்லாம் தனியாக வைக்கச் சொல்வார்களா?

இதற்கு மட்டும் பதில் எழுது, போதும்.

தம்பி,
ஆரோக்கியராஜ்


கெடார்
25.07.2024

தம்பி ஆரோக்கியராஜுக்கு,

நான் சுகமாக இல்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

என்னை ஏமாற்றாதே. கம்பெனி ஆளும் இல்லை, ஒன்றும் இல்லை. அது நீதான். பாதர் வீட்டுத் தோட்டத்தில் கொய்யா திருடிவிட்டு, “யாரோ ஒரு பையன்” என்று சொன்னவன்தானே நீ?

எட்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஆறு வயதுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு இப்படியா இருப்பாய்? ஒரு அறை வீடு, காற்றோட்டம் இல்லை. நீ ஒவ்வொரு முறை இருமும்போதும் அந்தப் பிள்ளையின் மார்பில் என்ன இறங்குகிறது என்று உனக்குத் தெரியுமா? அப்பா வயிற்றுவலியை மறைத்து மறைத்து நாற்பத்தெட்டு வயதில் போய்ச்சேர்ந்தது மறந்துவிட்டதா? மாத்திரை இலவசம், சோதனை இலவசம், ஆறே மாதம். ஊரெல்லாம் நான் சொல்லி நான்கு பேர் திருந்திவிட்டார்கள், என் கூடப்பிறந்தவன் திருந்தவில்லை என்றால் எனக்கு என்ன மரியாதை? இசைவாணியாவது உன்னை இழுத்துக்கொண்டு போகக் கூடாதா? அவளும் சேர்ந்து மூடி மறைக்கிறாளா?

திங்கட்கிழமைக்குள் சளி கொடுத்துவிட்டு எனக்குத் தகவல் வர வேண்டும். இல்லாவிட்டால் நானே வந்து நிற்பேன்.

இருதயமேரி


கெடார்
19.08.2024

அன்புத் தம்பிக்கு,

நீ எழுதவில்லை. போன் பண்ணினால் ‘நல்லாக்கீறேன்க்கா’ என்று சொல்லி வைத்துவிடுகிறாய். உங்கள் மூவரின் சுகத்தையும் கேட்டு எழுதுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்தேன். உன் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா, “ஊருக்குப் போய்க்கினாங்க” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். வாசற்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வந்துவிடுவீர்கள், வந்துவிடுவீர்கள் என்று ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து பார்த்தேன். கதவில் சாய்ந்து கொஞ்சம் அழுதேன். பாப்பாவுக்கு வாங்கி வந்த வேகவைத்த மல்லாட்டைக் கடலைப் பையைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தேன், கிடைத்ததா?

எனக்கு இந்த வேலையே வேண்டாம் என்று தோன்றுகிறது. போன வாரம் சின்னபொண்ணு என்று ஒரு அம்மா, களையெடுக்கப் போகிறவர், முதல் நாள் மாத்திரை சாப்பிட்டவுடன் சிறுநீர் செம்மஞ்சளாகப் போயிருக்கிறது. ரத்தம் என்று பயந்து மாத்திரை அட்டையைக் கிணற்றில் வீசிவிட்டார். மாத்திரையின் நிறம் அப்படி, ஒன்றும் பயமில்லை என்று பயிற்சியில் எனக்குச் சொல்லித்தான் கொடுத்தார்கள். அவரிடம் நான் சொல்லவில்லை. நுரையீரல் படத்தைக் காட்டி அரை மணி நேரம் பேசினேன். மறுநாள் காலையில் அவர் கண்ணால் பார்க்கப்போவது எதுவோ அதை விட்டுவிட்டேன்.

ஒரு வரி எழுது தம்பி. திட்டியாவது எழுது.

அக்கா,
இருதயமேரி


திண்டிவனம்
27.08.2024

அக்காவுக்கு,

மாமாவும் நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இனிமேல் மறைக்க என்னால் ஆகாது. இருமல் எனக்கு இல்லை. நான் சோதனை செய்துகொண்டேன், ஒன்றுமில்லை. இருமல் இசைவாணிக்கு.

நீ வந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஊருக்குப் போகவில்லை. உள்ளேதான் இருந்தோம். நீ தெருமுனையில் வருவதைப் பாப்பா பார்த்து, ‘அத்தை’ என்று கத்தினாள். இசைவாணி நடுங்கிவிட்டாள். எதிர்வீட்டு அம்மாவிடம் சாவியைக் கொடுத்து வெளியே பூட்டச் சொன்னேன். நீ படியில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரமும் அவள் தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குப்புறக் கிடந்தாள். இருமல் உள்ளேயே வெடித்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நான் பாப்பாவின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். நீ கதவில் சாய்ந்து அழுதது எனக்குக் கேட்டது அக்கா. கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

“ஊரு ஒலகத்துக்குத் தெரிஞ்சாலும் பரவால்ல, உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா நான் செத்துடுவேன்” என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அதை மீறித்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் என்று கேட்பாய். எட்டு வருடத்துக்கு முன், மண்டகப்பட்டில் எங்களுக்கு நிச்சயமாகிப் பாக்கு மாற்றிய அன்று, அவள் அம்மா இருமினார்கள். இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அம்மா தண்ணீர் குடித்து வைத்த டம்ளரை நீ முந்தானையால் பிடித்து எடுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வைத்தாய். “எல்லாரும் பொழங்கற எடம், கொழந்தைங்க இருக்குது” என்றாய். உனக்கு மறந்திருக்கலாம்.

ஆரோக்கியராஜ்


கெடார்
10.09.2024

அன்புள்ள இசைவாணிக்கு,

உன் அண்ணி எழுதுவது. இது ஐந்தாவது தாள், நான்கைக் கிழித்துவிட்டேன்.

எனக்கு மறக்கவில்லை. மறந்துவிட்டது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று ஊர் ஊராகப் போய், தட்டாலும் டம்ளராலும் இந்த நோய் ஒட்டாது என்று நான்தான் சொல்கிறேன். அன்று எனக்குத் தெரியாது என்று எழுதலாம். தெரியாதவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே. உன் அம்மாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். நான் பார்க்கவே இல்லை. டம்ளரைத்தான் பார்த்தேன்.

மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. போன சனிக்கிழமை மண்டகப்பட்டுக்குப் போய் உன் அப்பா மாரியப்பன் மாமாவின் காலில் விழுந்தேன். உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தப் பழைய விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் வரப்பிலேயே நின்றுகொண்டு, “எட்டு வருசம் கழிச்சி எதுக்கும்மா அத தோண்டற? அவ போய்ச் சேந்துட்டா. நீ போய் சாப்புடு” என்றார்.

என்னை மன்னித்துவிடு. எனக்காக இல்லாவிட்டாலும் பாப்பாவுக்காக ஆஸ்பத்திரிக்குப் போ. உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உன் அண்ணி,
இருதயமேரி


திண்டிவனம்
20.09.2024

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

நலம் என்று எழுத மாட்டேன். மூன்று மாதமாக உங்கள் தம்பி எழுதிய நலம் எல்லாம் பொய்.

என் அப்பாவிடம் எதற்குப் போனீர்கள்? அன்று சாயங்காலமே போன் பண்ணி, “உன் நாத்தனா வந்து அழுதுட்டு போவுது, உனக்கு இன்னாம்மா?” என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டு அழுதேன். நீங்கள் அழுதது உங்கள் மனசு ஆறுவதற்கு. அதற்கு அப்புறம் அவர் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. எப்போதும் இப்படித்தான் அண்ணி, நீங்கள் பேசுவதெல்லாம் உங்கள் மனசு ஆறுவதற்குத்தான்.

ஜூலை மாதம் மூன்று கேள்வி வந்ததே, அது நான் சொல்லி அவர் எழுதியது. எனக்கும் ஆசைதான், பதில் வந்தால் மறுநாளே போகலாம் என்று புடவைகூட எடுத்து வைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க இருந்தது. மூன்று கேள்வியில் ஒன்றுக்கும் பதில் இல்லை. ‘இசைவாணியும் சேர்ந்து மூடி மறைக்கிறாளா’ என்று மட்டும் இருந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பாக்கு மாற்றிய அன்று அம்மா மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் முடிந்திருந்தது. தேறிக்கொண்டு வந்தாள். நம் ஆட்களுக்கு டீக்கடையில் டம்ளரைத் தனியாக வைத்த காலத்தை என் அம்மா கண்ணால் பார்த்தவள். “வெளியில வெச்சாங்க, சரி. நம்ம ஜனமே வெச்சிட்டாங்களே” என்று ஒரே ஒருமுறைதான் சொன்னாள். அதற்கு அப்புறம் மாத்திரை வாங்கப் போகவில்லை. போனால் யாராவது பார்ப்பார்கள், கல்யாணம் நின்றுவிடும் என்று பயம். என் கல்யாணம் நடந்தது. ஏழாம் மாதம் அவள் செத்தாள்.

உங்கள் மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

இசைவாணி


கெடார்
23.09.2024

இசைவாணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஜூலையில் நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். எனக்குத் தெரியாததை டாக்டரிடம் விசாரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒன்று. சோதனையில் இருக்கிறது என்று தெரிந்தால், ஒரு ஆள் வீட்டுக்கு வந்து பார்ப்பது வழக்கம். தெருவில் விசாரிக்கக் கூடாது. வீட்டுக்கு வர வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவர்களிடம் நீ கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை.

இரண்டு. மாத்திரை ஆரம்பித்துச் சில வாரத்தில் மற்றவர்களுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை பாப்பா தள்ளிப் படுக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், இருமும்போது வாயைத் துணியால் மூடிக்கொள். பாப்பாவையும் ஒருமுறை அவர்களிடம் காட்ட வேண்டும். அவளைத் தொடலாம், தூக்கலாம், தலை பின்னிவிடலாம்.

மூன்று. வேண்டாம். தட்டும் வேண்டாம், டம்ளரும் வேண்டாம்.

இன்னொன்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரத்தம் இல்லை. கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ மட்டும் உடனே டாக்டரிடம் ஓடு.

நீ போனாயா, போகவில்லையா என்று நான் கேட்க மாட்டேன். வேறு கேள்வி இருந்தால் எழுது.

இருதயமேரி


திண்டிவனம்
29.12.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அங்கே புயல் மழையில் வீட்டுக்குச் சேதம் எதுவும் இல்லை என்று உங்கள் தம்பி சொன்னார், சந்தோஷம்.

மூன்று மாதமாக நான் எழுதவில்லை. ‘மாத்திரை ஆரம்பிச்சாச்சு’ என்று மட்டும் போனில் சொல்லச் சொன்னேன், சொல்லியிருப்பார். நீங்கள் ஒருமுறைகூடத் துருவிக் கேட்கவில்லை என்றார். நம்பவில்லை. இரண்டு மூன்று முறை அவரைக் கேட்டுப் பார்த்தேன், “நெஜமாவே கேக்கல, ‘நல்லாக்கீறாளா’ன்னு மட்டும் கேட்டுட்டு வெச்சிடுது” என்றார்.

உங்கள் கடிதம் வந்த மூன்றாம் நாள் போனேன். இருக்கிறது என்றுதான் வந்தது. பாப்பாவுக்கு ஒன்றுமில்லை, வராமல் இருக்க அவளுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். முதல் மாதம் உயிர் போய் உயிர் வந்தது. மாத்திரையைப் பார்த்தாலே குமட்டும். ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு, இதை அம்மா மாதிரி விட்டுவிட்டால் என்ன என்று உட்கார்ந்திருந்தேன். பாப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மாத்திரையை அவள் போட்டுக்கொண்டு என் வாயைப் பார்த்தாள். நானும் போட்டேன்.

புயலன்று தெருவில் இடுப்பளவு தண்ணீர். வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அரிசி, பாய், பாப்பாவின் புத்தகம் எல்லாம் போனது. மாத்திரையைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரணில் போட்டு வைத்திருந்தேன், ஒரு நாளும் தவறவில்லை. இரண்டு மாதம் முடிந்து மறுபடியும் சளி பார்த்தார்கள். கிருமி இல்லை. ஐந்து கிலோ ஏறியிருக்கிறேன்.

என் அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். அழவில்லை. “உங்க அம்மா மாதிரி பாதியில வுட்டுடாத” என்று மட்டும் சொன்னார்.

பொங்கலுக்கு நாங்கள் கெடாருக்கு வருகிறோம், நான்கு நாள் இருப்போம். சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள் என்று தெரியும். நான் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடப் போவதில்லை. நடுவீட்டில் உட்கார்ந்துதான் போடுவேன். யாராவது ஏதாவது கேட்பார்கள். அப்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது அண்ணி. எனக்காகப் பேசவும் வேண்டாம், அவர்களுக்குப் பாடம் சொல்லவும் வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன். இதற்கு ஒப்புக்கொண்டால் வருகிறோம்.

இசைவாணி


கெடார்
20.01.2025

அன்புத் தம்பிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்து சுகமாக இருப்பீர்கள். பாப்பா ஒரு செருப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள், மாமா கொண்டு வருவார்.

லீவு இல்லை என்று மாட்டுப் பொங்கலன்றே நீ கிளம்பிவிட்டாய். அதற்கு அடுத்த இரண்டு நாள் இங்கே நடந்ததை இசைவாணி உன்னிடம் முழுக்கச் சொல்லியிருக்க மாட்டாள், அவள் சுபாவம் எனக்கு இப்போதுதான் கொஞ்சம் பிடிபடுகிறது.

காணும் பொங்கலன்று காலையில் பதினைந்து பேர் வீட்டில். இட்லி சாப்பிட்டு முடித்ததும், எனக்கு எழுதியிருந்தபடியே நடுவீட்டில் உட்கார்ந்து மாத்திரையைப் பிரித்தாள். உன் மாமாவின் சித்தி பிரபாவதி, உனக்குத் தெரியுமே, எதையும் உரக்கக் கேட்கிறவர், “இன்னாடி அது, இத்தினி மாத்திர?” என்றார். பயிற்சியில் படித்த அத்தனையும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது தம்பி. அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இசைவாணி மாத்திரையை விழுங்கி, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “டிபி மாத்திர பாட்டி. எனக்கு வந்துச்சி. இப்ப போய்க்கினே இருக்குது.” அவ்வளவுதான். ஒருத்தர் எழுந்து வாசல் பக்கம் போனார். இன்னொருத்தி தன் பிள்ளையை மடியிலிருந்து இறக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதையும் இசைவாணி பார்த்தாள், நானும் பார்த்தேன். அப்போதும் நான் பேசவில்லை. பேசாமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சவுரிராயன் விஷயமும் சொல்கிறேன். நடுவில் விட்டதால் பழைய மாத்திரை இப்போது கேட்கவில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்து வேறு மாத்திரை கொடுக்கிறார்கள், இன்னும் பல மாதம் ஆகும். பார்க்கப் போனேன். “குடிய நிறுத்திட்டியான்னு கேக்க மாட்டியாம்மா?” என்றார். “நீங்களா சொன்னா கேட்டுக்கறேன்ண்ணே” என்றேன். “எட்டு நாளாச்சி” என்றார். எட்டு நாள் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவர் பிழைப்பாரா என்று தெரியாது. தெரியாது என்றே எழுதுகிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். இசைவாணியையும் பாப்பாவையும் பஸ் ஏற்றிவிட இருந்த நாளன்று விடியற்காலையில் வாசல் பெருக்க எழுந்தேன். பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், இசைவாணியும் பிரபாவதி சித்தியும். அத்தனை உரக்கப் பேசுகிற அந்த அம்மா குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார். “ஒரு மாசமா இருமலுடி. மருமவ கிட்ட சொல்லல. அந்த சளி எடுக்கறது வலிக்குமா?” இசைவாணி, “வலிக்காது பாட்டி. வெறும் வயித்துல போங்க. நான் இன்னிக்கு ஊருக்கு போவாம இருந்துட்டு கூட வரட்டா?” என்றாள்.

அதனால்தான் அவள் ஒரு நாள் தாமதமாக வந்தாள், தம்பி. உன்னிடம் பஸ் கிடைக்கவில்லை என்று சொன்னாளாம். சித்தியின் விஷயம் வெளியே போகக் கூடாது என்று பொய் சொல்லியிருக்கிறாள். நீயும் கேட்காதே.

இருவரும் கிளம்பும்போது சித்தி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்த ஊரில் டிபி வேலைக்கு என்று அட்டை மாட்டிக்கொண்டு திரிகிறவள் நான். என் வீட்டுப் பின்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் என்னைக் கேட்கவில்லை. முதலில் சுருக்கென்றது. அப்புறம் அடுப்பைப் பற்ற வைத்து, அவர்கள் திரும்பி வந்தால் சாப்பிடுவதற்கு இரண்டு பேருக்குக் கேப்பைக் களி கிண்டி வைத்தேன்.

என்ன ஆயிற்று என்று அவர்கள் இன்னும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

உங்கள் மூவரின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்ளும்,
உன் அக்கா,
இருதயமேரி